கேமராவுக்கு முதுகு காட்டி

"கண்டக்டர் ஆகறதுக்கு டாக்டர் பட்டமா?" என்று அப்பா கேட்டார். எங்கள் சேர்ந்திசைக் குழுவை நடத்தும் அக்கா, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று நான் சொன்னபோது அவர் மனத்தில் ஓடியது பேருந்துதான். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் இந்த வேலைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பெயர் ஒன்று இல்லை. நடத்துநர் என்றால் டிக்கெட் கிழிப்பவர். இயக்குநர் என்றால் சினிமா. கொயர் மாஸ்டர் என்றால் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் மாமா. எதைச் சொன்னாலும் அக்கா செய்யும் வேலை பாதிதான் புரியும்.

ஆனால் அப்பாவின் கேள்வி சாதாரணமானதல்ல. மேடையில் நிற்கும் அத்தனை பேரில் ஒரு சின்ன ஒலிகூட எழுப்பாதவர் நடத்துநர் ஒருவர்தான். வயலின்காரருக்கு வயலின் இருக்கிறது. பாடகருக்குத் தொண்டை இருக்கிறது. நடத்துநருக்கு இருப்பது மற்றவர்கள் மட்டும். அவர் கையைத் தூக்கியதும் இருபது பேர் சேர்ந்து மூச்செடுக்க வேண்டும். அந்த மூச்சின் நீளம், வேகம், அதற்குப் பின் வரப்போகும் ஒலியின் கனம் எல்லாம் அந்தக் கையில் முன்கூட்டியே தெரிய வேண்டும். இதை எங்கே போய்ப் பழகுவது?

இதுதான் இந்தத் துறையின் பெரிய சிக்கல் என்று அக்கா ஒருமுறை மாமாக் கடையில் உட்கார்ந்து சொன்னார். "பியானோ படிக்கிறவன் ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட பியானோ முன்னால உட்காரலாம் தம்பி. நான் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க எல்லாரையும் எழுப்ப முடியுமா?" கண்ணாடி முன் நின்று கையசைக்கலாம். கண்ணாடி தப்பாகப் பாடாது. தப்பாகப் பாடாத ஒன்றின் முன் நின்று நடத்துநர் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

அவர் விண்ணப்பித்த படிப்புக்கு டி.எம்.ஏ. என்று பெயர். இசைக்கலை முனைவர் பட்டம். 1950களில் அமெரிக்காவில் உருவானது. அதுவரை இசையில் முனைவர் என்றால் வரலாறோ கோட்பாடோ ஆராய்ந்து தடித்த ஆய்வேடு எழுதியவர். வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் நடத்துபவருக்கும் அவர்கள் செய்யும் வேலையை வைத்தே உயர்ந்த பட்டம் தர வேண்டும் என்று தொடங்கியதுதான் இது. ஆய்வேடு இதிலும் உண்டு, ஆனால் சிறியது. மேடைக் கச்சேரிகளுக்கு இதில் பெரிய இடம் உண்டு. அதோடு லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய உச்சரிப்பு, இசை வரலாறு, செவிப்பயிற்சி எல்லாம் உண்டு. உள்ளே போனதும் வரலாறும் கோட்பாடும் எவ்வளவு தெரியும் என்று சோதிப்பார்கள். குறைந்தால் கீழ்நிலைப் பாடத்தில் உட்கார வேண்டும்.

பட்டம் இல்லாமல் முடியாதா? முடியும். அமெரிக்கச் சேர்ந்திசையின் பெரும்பெயரான ராபர்ட் ஷா (1916–1999) கல்லூரியில் இசை படித்தவரே அல்ல. இதை நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஷாவை ஃபிரெட் வாரிங் வேலைக்கு எடுத்தாரு. ரேடியோவுக்குப் பாடறதுக்குச் சம்பளம் கொடுத்து வச்ச குரல்கள், பழகறதுக்கு அவர் கையில. எனக்கு யாரு அப்படிக் குடுக்கறா?" அவருக்கு வேண்டியது பட்டம் மட்டுமல்ல என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வாரம் முழுக்க ஒரு குழுவின் முன் நிற்கும் வாய்ப்பு வேண்டும். பொறியியல் படித்தவனுக்குச் சொல்வதென்றால், அது ஓர் ஆய்வுக்கூடம். எங்களுக்குக் கருவிகளும் கம்பிகளும் வேண்டியதுபோல் அவருக்கு மனிதர்கள் வேண்டும். பட்டமும் தேவையில்லாமல் இல்லை. இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராகப் போக முனைவர் பட்டத்தை எதிர்பார்க்கிறார்கள்.

அக்கா வளர்ந்தது தமிழ்த் தேவாலயத்தில். அங்கே இரண்டு வகைப் பாட்டு உண்டு. பாமாலை என்பது ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டு. நான்கு குரலாகப் பிரித்துப் பாடலாம். கீர்த்தனை என்பது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் இராகங்களில் இயற்றியது. எல்லாரும் ஒரே மெட்டைப் பாட வேண்டும். பாமாலைக்கு ஆர்கன், கீர்த்தனைக்குத் தபலா. ஒரே ஆராதனையில் இரண்டும் வரும். ஒன்பது வயதில் பாமாலையின் ஆல்டோ வரியை அத்தையின் பக்கத்தில் நின்று பாடியபோது, "நான் பாடறது பாட்டு இல்ல, ஆனா நான் பாடலன்னா பாட்டு இல்ல" என்று தோன்றியதாம். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்பார்.

எங்கள் குழு தேவாலயக் குழு இல்லை. கிள்ளானில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில், சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை. பத்தொன்பது பேர். தாதியர் இருவர், கணக்காளர் ஒருவர், பள்ளி ஆசிரியர்கள், ஷா ஆலாம் தொழிற்சாலையில் வேலை செய்யும் நான். மலாய்க்காரர் மூவர், மற்றவர்களில் தமிழர் பாதி, சீனர் பாதி. எனக்குத் தெரிந்த இசை, தமிழ்ப்பள்ளிக் காலத்தில் கோயில் தேவார வகுப்பில் கற்றதுதான். பேஸ் குரலில் நிற்கிறேன். அக்கா உள்ளூரிலேயே இசையில் முதுகலை முடித்தவர். தனியார் பள்ளியில் பாடம் எடுத்து, மாலையில் பியானோ சொல்லிக்கொடுத்து, சனிக்கிழமை எங்களிடம் வருவார். எங்களிடம் காசு வாங்கியதில்லை.

விண்ணப்பத்தின் முதல் படி காணொளி. பெரும்பாலான இடங்களில் டிசம்பர் 1 கடைசி நாள். கேமரா நடத்துநரின் முகத்தையும் கைகளையும் பார்த்து நிற்க வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. ஒரு பகுதி பாடி முடிக்கும் கச்சேரியாக, இன்னொரு பகுதி ஒத்திகையாக இருக்க வேண்டும். இதை வைத்துத்தான் யாரை நேரில் அழைப்பது என்று முடிவு செய்வார்கள். ஆண்டுக்கு ஓரிருவரை மட்டும் எடுக்கும் இடங்கள் பல.

கேமரா விஷயம் என் பொறுப்பு. குழுவுக்குப் பின்னால், தலைக்கு மேலே, கால்தாங்கியில் வைத்தேன். அதில் அக்கா முழுதாகத் தெரிவார். நாங்கள் பத்தொன்பது பேரும் பின்மண்டைகளாகத் தெரிவோம். எங்கள் டெனர் ஒருவர் அன்றைக்கென்று முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். "என் முதுகு அமெரிக்கா போகுது, நல்லா இருக்கட்டும்" என்றார்.

கச்சேரிப் பகுதிக்கு அக்கா தேர்ந்தெடுத்தது புரூக்னரின் 'லோக்குஸ் இஸ்தே'. 1869இல் எழுதியது. லின்ஸ் நகரில் புதிய பேராலயத்தின் ஒரு சிற்றாலயம் அர்ப்பணிக்கப்பட்ட நிகழ்வுக்காக உருவானது. நான்கு குரல், வாத்தியம் இல்லை, மூன்று நிமிடம். சொற்கள் ஓர் இடத்தின் புனிதத்தைப் பற்றியவை. நாங்கள் அதைப் பாடியது கீழே டயர்க் கடை இருக்கும் மாடியில். குளிர்சாதனத்தின் இரைச்சல் பதிவில் விழும் என்று நிறுத்திவிட்டோம். பத்து நிமிடத்தில் எல்லாரும் நனைந்துவிட்டோம்.

அதற்கு முந்தைய வாரம் அக்கா வருவதற்கு முன், ஆல்டோவில் நிற்கும் தாதி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நாம நல்லா பாடினா அவங்க போயிருவாங்க, இல்ல?" யாரும் பதில் சொல்லவில்லை. உண்மை அதுதான். அவருடைய திறமைக்குச் சான்று எங்கள் தொண்டையில் இருந்தது. நாங்கள் சுமாராகப் பாடினால் அவர் சுமாரான நடத்துநர். நாங்கள் நன்றாகப் பாடினால் எங்களுக்கு நடத்துநர் இல்லை. வேறு எந்தப் படிப்புக்கும் இப்படி ஒரு நிபந்தனை இருப்பதாகத் தெரியவில்லை. நான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் என் மதிப்பெண்ணை நான் மட்டும் கொண்டுபோகலாம்.

அந்தப் பாட்டில் இறுதிக்குச் சற்று முன் எல்லாக் குரல்களும் ஒன்றாக நின்றுவிடும். முழு மௌனம். பெரிய ஆலயத்தில் என்றால் எதிரொலி சுவரில் மோதி அடங்கும் நேரம் அது. எங்கள் மாடியில் எதிரொலி ஏது? அன்று அந்த மௌனத்தில் நான் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவில்லை, ஆனால் ஓய்ந்தும் போகவில்லை. இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த விரல்களில் தெரிந்தது. பிறகு சின்னதாக ஒரு மூச்சு. நாங்கள் உள்ளே போனோம். நாங்களும் ஒலி எழுப்பாத அந்தச் சில விநாடிகளில் அவர் வேலை மட்டும் தனியாகத் தெரிந்தது. அப்பாவுக்குப் பதிலாக அதைத்தான் பின்னர் போட்டுக் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, "இப்ப என்னா, மறந்துட்டீங்களா?" என்றார்.

ஒத்திகைப் பகுதியில் வேறு பிரச்சினை. தேர்வாளர்கள் பார்க்க விரும்புவது, நடத்துநர் தவற்றைக் காதால் பிடித்து எப்படித் திருத்துகிறார் என்பதை. எங்களுக்கோ எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஒரு சொப்ரானோ, "நாங்க வேணும்னே தப்பா பாடறோம் அக்கா" என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "இல்லாத தப்பைத் திருத்தற மாதிரி நடிச்சா என் மூஞ்சே காட்டிக்குடுத்துரும்." அதனால் நாங்கள் பார்த்திராத ஒன்றைப் பதிவன்றே கையில் கொடுப்பது என்று முடிவானது. எதைக் கொடுப்பது என்பதில்தான் அவர் தூக்கம் கெட்டார்.

அவரிடம் நீலாம்பரியில் சொந்தமாக அமைத்த ஒரு தாலாட்டு இருந்தது. ஆனால் அதைத் தொடவே தயங்கினார். அமெரிக்கச் சேர்ந்திசைக் குழுக்களுக்குத் தமிழ் புதிதல்ல. 'சிவாஜி' படத்தில் (2007) ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பல்லேலக்கா' பாட்டை ஈத்தன் ஸ்பெரி என்ற நடத்துநர் சேர்ந்திசைக்கு மாற்றி அமைத்தார். பள்ளிக் குழுக்களும் கல்லூரிக் குழுக்களும் அதைக் கச்சேரி முடிவில் உற்சாகமாகப் பாடுகின்றன. கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவின் பயம் வேறு. "நான் பிராம்ஸ் படிக்கப் போறேன். அங்க என்னைப் பாத்ததும் 'பல்லேலக்கா'வுக்கு உச்சரிப்பு சொல்லிக்குடுன்னு நிக்க வச்சிருவாங்க. மூணு வருஷமும் அதே வேலையா போயிரும்." வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் உண்டு. அவர்களுடையதைக் காட்டினால் நகல். நம்முடையதைக் காட்டினால் அலங்காரப் பொருள்.

இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "பிராம்ஸை அவங்ககிட்ட நான் கத்துக்கலாம். இந்தப் பாட்டுல ஒரு சுரம் ஏன் அங்க நிக்குதுன்னு அவங்க என்னைத்தான் கேக்கணும்."

அந்தச் சுரம் அந்தர காந்தாரம். பியானோவில் ஷட்ஜத்திலிருந்து அது 400 செண்ட் தூரம். ஒரு ஸ்தாயியை 1,200 செண்டாகப் பிரித்த கணக்கு இது. ஆனால் 5:4 என்ற இயற்கை விகிதத்தில் அமையும் காந்தாரம் 386 செண்டில் இருக்கிறது. பதினான்கு செண்ட் கீழே. தம்புராவின் மந்திர ஷட்ஜக் கம்பியை மீட்டினால் யாரும் பாடாமலே ஒரு காந்தாரம் மெல்லக் கேட்கும் அல்லவா, அதுதான். வாத்தியமில்லாமல் பாடும் நல்ல சேர்ந்திசைக் குழுக்களும் இணக்கத்தில் அந்தக் காந்தாரத்தைத்தான் தேடுகின்றன. அக்கா பேஸ் குரல்களை ஷட்ஜத்தில் நிறுத்தினார். ஆல்டோக்களிடம் காந்தாரத்தைப் பாடச் சொல்லி, "கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம், பியானோவை மறந்துருங்க" என்றார். ஓரிடத்தில் அறையே சட்டென்று அமைதியானது மாதிரி இருந்தது. உரசல் நின்றுவிட்டது. தேவார வகுப்பில் பெட்டித் தம்புராவோடு சேர்ந்து பாடிய என் காதுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பொறியியலில் அலைவரிசை பற்றிப் படித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கமகம் அதைவிடக் கடினம். ஒருவர் பாடினால் அழகு. பத்தொன்பது பேர் ஆளுக்கொரு நேரத்தில் அசைந்தால் கூச்சல். சென்னையில் எம். பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து பாரதியைப் பல குரலில் பாடவைத்தபோது இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அக்கா கையாண்டது ஷாவின் முறை. சொற்களை விட்டுவிட்டு, சுரங்களை எண்களில் எண்ணியபடியே பாடவைப்பது அவர் வழக்கம். அக்கா எண்ணுக்குப் பதில் 'தகதிமி' போட்டார். எந்த அட்சரத்தில் அசைவு தொடங்க வேண்டும், எதில் முடிய வேண்டும் என்று பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் பிடிபட்டது. சீன நண்பர்களுக்கு 'ழ' வர இன்னும் இரண்டு நிமிடம். இதெல்லாம் ஒரே வீச்சில், வெட்டாமல், கேமராவில் பதிவானது.

ஆறு இடங்களுக்கு அனுப்பினார். விண்ணப்பக் கட்டணமே ஒவ்வொன்றுக்கும் முந்நூறு வெள்ளிக்கு மேல். இரண்டு இடங்கள் அழைத்தன. ஒன்று தொலைவிலிருந்தே நேர்காணல் நடத்தியது. மற்றொன்றுக்குச் சேமிப்பை உடைத்து நேரில் போனார். முன்பின் தெரியாத குழுவின் முன் இருபது நிமிடம். குழு நன்றாக இருந்தது என்றார். "கையைத் தூக்கறதுக்குள்ள மூச்செடுத்துட்டாங்க தம்பி. பயமா போச்சு."

முதல் இடம் சேர்த்துக்கொண்டது, ஆனால் நிதியுதவி இல்லை. அந்தக் கடிதத்தை அவர் எங்களிடம் காட்டினார். வாழ்த்துச் சொல்லி, அதற்குக் கீழே ஓர் ஆண்டுக்கான தொகை. வீட்டை விற்றாலும் போதாது. இந்தப் படிப்பில் வெளிநாட்டு மாணவர் நிலைக்க ஒரே வழி உதவியாளர் பணி. பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு குழுவை நடத்தியோ, செவிப்பயிற்சி வகுப்பு எடுத்தோ அதற்கு ஈடாகக் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சமும் பெறுவது. எஃப்-1 விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். உள்ளூர் மாணவரைப் போல ஞாயிற்றுக்கிழமை ஏதாவது தேவாலயத்தில் கொயர் நடத்திச் சம்பாதிக்க நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிட முடியாது. படிப்பு முடிந்தபின் வேலைப் பயிற்சிக்கு 12 மாதம். என்னைப் போன்ற பொறியாளர்களுக்கு அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு உண்டு. இசைக்கு இல்லை. ஒரே விமானத்தில் நாங்கள் இருவரும் போனாலும் எனக்கு மூன்று வருடம், அவருக்கு ஒன்று.

இரண்டாவது இடம் காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு வழக்கம் இருக்கிறது. நிதியுதவியோடு இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம். அதனால் பட்டியலில் இருப்பவர்கள் அன்றுவரை, யாராவது வேறு இடத்துக்குப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. அம்மா செய்த நெய் உருண்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா சாப்பிட்டார். பேசவில்லை. 16ஆம் தேதி அதிகாலை, அங்கே இன்னும் 15ஆகவே இருந்த நேரத்தில், குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: "கெடச்சிருச்சு. பணத்தோட." அடுத்தடுத்து வாழ்த்துகள். அந்த ஆல்டோ தாதி மட்டும் மதியம்தான் பதில் போட்டார்: "நாம நல்லா பாடிட்டோம்."

சேவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர், ஜாலான் துன் ரசாக்கில் நேர்காணல். என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்ட அதிகாரி, பதிலைக் கேட்டு ஒருகணம் நிமிர்ந்து பார்த்தாராம். ஆகஸ்டில் அக்கா கிளம்பினார்.

திரும்பி வருவாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது பிலிப்பீன்ஸின் அந்திரேயா வெனராசியோன். அவர் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு மணிலாவுக்குத் திரும்பி, 1963இல் பிலிப்பைன் மாட்ரிகல் சிங்கர்ஸ் குழுவைத் தொடங்கினார். ஐரோப்பாவின் சேர்ந்திசைப் பெரும்பரிசை 1997இலும் 2007இலும் வென்ற குழு அது. அவர்கள் அரைவட்டமாக உட்கார்ந்துதான் பாடுவார்கள். முன்னால் நடத்துநர் என்று யாரும் நிற்பதில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தானும் பாடிக்கொண்டே, சின்னத் தலையசைப்பிலும் மூச்சிலும் குழுவைக் கொண்டுபோவார். வெளிநாடு போய்ப் படித்த ஒருவர் கொண்டுவந்தது, முன்னால் ஆள் நிற்காமலே பாடும் ஒரு குழு.

நாங்கள் இப்போது பதினாறு பேர். மூவர் வரவில்லை. வேறு நடத்துநரைத் தேடலாம் என்று சிலர் சொன்னார்கள். பணம் இல்லை. நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுப் பார்த்தோம். முதல் சனிக்கிழமை தாலாட்டின் முதல் வரியையே எங்களால் ஒன்றாகத் தொடங்க முடியவில்லை. நாலு பேர் நாலு நேரத்தில் உள்ளே போனார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாளும் ஒரே பக்கம் பார்த்து நின்று பாடியதால், பக்கத்தில் நிற்பவர் எப்படி மூச்செடுக்கிறார் என்று யாருக்குமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அதைத்தான் பழகுகிறோம். பாட்டு அப்புறம். முதல் பத்து நிமிடம் வெறும் மூச்சு. ஆல்டோ தாதி ஓரத்து நாற்காலியில் உட்கார்கிறார். அவர் தோள் லேசாக உயரும். நாங்கள் பார்க்கிறோம்.